அண்ணி ஏறினால் நிற்கும் படகு

ஒரு ரோல் சிவப்பு ஒயர் எங்கிருந்தோ கிடைத்தது என்பதற்காகப் படகு முழுவதற்கும் சிவப்பு ஒயரையே இழுத்து முடித்த மனிதன் உலகத்தில் ஒருவன்தான் இருப்பான், அவன் எனக்கு அண்ணனாக வாய்த்தான். விளக்குக்குச் சிவப்பு, ஹாரனுக்குச் சிவப்பு, அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பம்புக்குச் சிவப்பு, எர்த்துக்கும் சிவப்பு. இருபது வருடமாகப் படகுத்துறையில் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். பேட்டரியக்கா என்றால்தான் துறையில் என்னைத் தெரியும், சொந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். எத்தனையோ கோணல் வேலைகளைப் பிரித்து மேய்ந்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் படகின் டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

"அண்ணே, இதுல எது எங்க போகுது?"

"எனக்குத்தான் தெரியுமே, அப்புறம் கலர் எதுக்கு?"

"சரி, இது எங்க போகுது, சொல்லு."

குனிந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"அது... போக வேண்டிய எடத்துக்குப் போகுது" என்றான்.

என்னைவிட இரண்டே வயது மூத்தவன். பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் முப்பது வருடம் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் தனக்குக் கொஞ்சம் வேதியியலும் நிறைய மின்சாரமும் தெரியும் என்று நினைப்பு. எதைச் செய்தாலும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பான். ஒயரைப் பற்றி எழுதி வைத்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும், அதைத்தான் எழுதவில்லை.

சண்டை போட நேரம் இருந்திருந்தால் போட்டிருப்பேன். இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணி அக்கரையில் இருக்க வேண்டும். அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். படகில் குறுக்கே போனால் இருபத்தைந்து நிமிடம், சாலை வழியாகப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டரை மணி நேரம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு போக இரண்டரை, வர இரண்டரை என்று பஸ்ஸில் குலுங்க முடியாது. இரண்டு வருடமாகப் படகுதான் அவளுக்குக் கால்.

அந்தப் படகு மூன்று வாரமாக நடுத் தண்ணீரில் நின்று போகிறது. வெள்ளிக்கிழமை கிளம்பியதே தாமதம், நடுவில் நின்றதும் சேர்ந்து முக்கால் மணி நேரம் போய்விட்டது. டயாலிசிஸ் மெஷினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணிக்குப் பாதி நேரம்தான் கிடைத்தது, அன்று இரவெல்லாம் மூச்சு வாங்கியிருக்கிறாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆபத்து, ஆஸ்பத்திரியை ஒட்டி இருக்கும் விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே போனவர்கள் திரும்பி வீட்டுக்கு வருவது அபூர்வம். ஒரு அறையில் நான்கு கட்டில். தையல் மெஷினுக்கு இடம் கிடையாது. அண்ணிக்கு அந்த மெஷின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

ஆகவே திங்கட்கிழமை படகு நிற்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

"நிக்கும்போது எப்படி நிக்குது? இருமிக்கிட்டா, பட்டுனா?" என்று கேட்டேன்.

அண்ணன் நோட்டை எடுத்து நீட்டினான். ஒன்பது டயாலிசிஸ் நாளுக்கும் ஒன்பது பதிவு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. 'புறப்பட்ட 18-வது நிமிடம் எஞ்சின் திணறி நின்றது. டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. 10 நிமிடம் ஓய்வு. கிளம்பியது. அவள் இருந்தாள்.'

"அவள் இருந்தாள்னா?"

"உங்க அண்ணி. நான் தனியா எத்தனையோ தரம் போயிட்டு வந்துட்டேன், ஒரு தும்மல் கிடையாது. அவ ஏறினாத்தான் நிக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எஞ்சினுக்கு யார் ஏறினாங்கன்னு தெரியுமா? சயின்ஸ் லேப்ல இருந்தவன் பேசுற பேச்சா இது?"

"நான் ராசின்னு சொல்லல. பார்த்ததை எழுதினேன்" என்றான் ரோஷத்தோடு. "பேட்டரி புதுசு போட்டாச்சு. பிளக் மாத்தியாச்சு. காயில் மாத்தியாச்சு. இன்னும் என்ன மாத்தணும்?"

உன்னை மாற்றினால் சரியாகிவிடும் என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். காப்பியும் இன்சுலேஷன் டேப்பும் எடுத்துவர அண்ணன் வீட்டுக்குப் போனேன். வீடு படகைக் கட்டிப்போடும் இடத்திலிருந்து நாற்பது எட்டுத் தூரம். இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலை ஒட்டி அண்ணியின் தையல் மெஷின், பக்கத்தில் வெட்டிவைத்த துணிகள் அளவு வாரியாகக் கட்டு கட்டாக. பள்ளிச் சீருடை தைக்கிற பருவம். கையில் டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்தது. அந்தக் கையாலேயே காலரைத் திருப்பி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க நாத்தனாரே. உங்க அண்ணன் கண்டுபிடிச்சதச் சொன்னாரா? நான் ஏறினா நிக்குதாம். துறையில எல்லாருக்கும் சொல்லியாச்சு. நேத்து மீன் எடுக்க வந்தவன்கூட என்னைப் பார்த்துட்டு வலையத் தள்ளி வச்சுட்டுப் போறான்."

"அவன் கிடக்கான் அண்ணி. ஒயரிங்தான் கந்தல். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"சரி பண்ணிடுவீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் மெஷினின் கால் பலகை நின்றுவிட்டது. எனக்கும் அண்ணிக்கும் முப்பது வருடமாக ஆகாத விஷயங்கள் ஆயிரம் உண்டு. என் கல்யாணப் புடவைக்கு ரவிக்கையை இறுக்கமாகத் தைத்தாள் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் அந்த ஜன்னலில் அவள் இல்லாமல் அந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பண்ணிடுவேன்" என்றேன்.

நான் திரும்பும்போது, பின்னாலேயே வந்திருந்த அண்ணன் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"என் நீலக் கட்டம் போட்ட சட்டை எங்கயாச்சும் கண்ல பட்டுச்சா?"

"படகு கிடக்குற கிடப்புல உனக்குச் சட்டை கேக்குதா?"

"இல்ல, ஒரு மாசமா காணோம். அதான்."

மத்தியானம் வரை ஒயர் ஒயராகத் தடவினேன். ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் மீட்டரால் தட்டிக் கண்டுபிடித்து, துணிக்குப் போடும் நம்பர் துண்டுகளை அண்ணியிடம் வாங்கிக் கட்டினேன். எர்த் ஒயர் எஞ்சினோடு சேரும் இடத்தில் பச்சையாகப் பூத்து, போல்ட்டைத் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. அதைச் சுரண்டிப் புது முனை போட்டேன். அதற்கு அப்புறம்தான் அந்த ஃபேன் கிடைத்தது.

அண்ணி எப்போதும் பின்பக்கம் இடது மூலையில் உட்காருவாள். சாய்ந்துகொள்ள முதுகுப்பலகை அங்கேதான் உண்டு, அண்ணன் அவளுக்காக அடித்தது. அதன் தலைக்கு மேல் சின்ன ஃபேன் ஒன்றை மாட்டியிருந்தான். அதற்கான கரண்டை, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்குப் போகும் ஒயரிலிருந்தே பிய்த்து எடுத்திருந்தான்.

"இது எப்ப போட்டது?"

"ஒன்றரை மாசம் இருக்கும். திரும்பி வரும்போது அவளுக்கு முகமெல்லாம் வெளுத்துப்போகுது, வேர்க்குது. காத்து வந்தா நல்லாருக்கும்னு."

"அவங்க இருந்தாத்தானே ஃபேன் போடுவ?"

"ஆமா. எனக்கு எதுக்கு ஃபேன்?"

நான் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தேன். விஷயம் பிடிபட்டுவிட்டது. எர்த் பலவீனம், அதன் மேல் ஃபேன் வேறு கரண்டை உறிஞ்சுகிறது. காயிலுக்குப் போவது குறைந்து எஞ்சின் நின்றுவிடுகிறது. அண்ணி ஏறினால் நிற்கவில்லை, அண்ணிக்காகப் போட்ட ஃபேன் ஓடினால் நிற்கிறது. இதை நான் விளக்கியபோது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஃபேனுக்குத் தனி ஒயர், தனி ஃப்யூஸ் போட்டேன். நீல ஒயர். வேண்டுமென்றேதான் நீலம் போட்டேன்.

மூன்று மணிக்கு நானும் அண்ணனும் மட்டும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். ஃபேனைப் போட்டோம், எல்லா விளக்கையும் போட்டோம், பம்பையும் ஓடவிட்டோம். பதினெட்டாவது நிமிடத்தில் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கினான். எஞ்சின் அதன்பாட்டுக்கு ஓடியது. முப்பது நிமிடம் ஆயிற்று. வோல்ட் காட்டும் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. எனக்கு வாயெல்லாம் பல்.

அண்ணன் சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கலங்கிப் போயிருந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த விடுதிக்கு ஃபார்ம் ஒண்ணு, வெள்ளிக்கிழமை பேச்சு வர்றதுக்கெல்லாம் முன்னாடி, ஒரு மாசம் முன்னாலயே குடுத்துட்டாங்க. தூரத்துலேர்ந்து வர்றவங்க எல்லாருக்கும் குடுக்குறது. நான் வாங்கிச் சட்டைப் பையில வச்சேன். அவகிட்ட சொல்லல."

"நீலக் கட்டம் போட்ட சட்டையா?"

தலையை ஆட்டினான்.

"சட்டையவும் காணோம், ஃபார்மையும் காணோம். மறந்துட்டேன் மறந்துட்டேன்னு நாள் கடத்தினேன். வெள்ளிக்கிழமை நர்ஸம்மா, இனிமே லேட்டா வந்தா அங்கேயே கையெழுத்து வாங்கிடுவோம்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு நின்னுதுன்னா போட்டுடுறேன்னு சொல்லியிருக்கேன்."

"அண்ணியக் கேக்காமயா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. வெள்ளிக்கிழமை ராத்திரி அவ மூச்சு விட்டத நீ பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்ட."

இனிமேல் படகு நிற்காது, இந்தப் பேச்சே தேவையில்லை என்று சமாதானம் சொன்னேன். துறைக்கு வந்ததும், எதற்கும் இருக்கட்டும், அண்ணியையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வருவோம், துறையில் இருப்பவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று நான்தான் சொன்னேன். நானே வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது அது.

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, தன் மூலையில் உட்கார்ந்து, போர்வையை இழுத்துப் படகின் விளிம்பு வரை பரப்பிக்கொண்டாள். ஃபேனுக்குப் போட்ட புது ஒயரைப் பார்த்து, "நீல ஒயரா? பணக்கார வீட்டுப் படகு மாதிரி இருக்கு" என்றாள். கிளம்பினோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். நான் அண்ணனிடம் எர்த்தைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாவது நிமிடத்தில் எஞ்சின் இரண்டு தடவை திணறியது. ஒரு தடவை இழுத்தது. நின்றுவிட்டது.

தண்ணீர் படகின் பக்கத்தில் மோதுகிற சத்தம் மட்டும். நான் முள்ளைப் பார்த்தேன். பன்னிரண்டில் கம்பீரமாக நின்றது. ஹாரனை அழுத்தினேன், கரை வரைக்கும் கேட்கிற மாதிரி அலறியது. கரண்டில் ஒரு குறையும் இல்லை. காலையிலிருந்து நான் பார்த்த வேலை எல்லாம் நல்ல வேலைதான், அதற்கும் இந்த எஞ்சின் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை. என் மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

அண்ணியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணன் எழுந்தான். வழக்கம்போல் குச்சியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திருகினான்.

புஸ்ஸென்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"எது?"

"மூடி திறக்கும்போது வந்துச்சே."

"அதுவா? அது எப்பவும் வர்றதுதானே" என்றான். குச்சியை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "பாதிக்கு மேல இருக்கு. பத்து நிமிஷம் ஓய்வு..."

"ஓய்வும் வேணாம் ஒண்ணும் வேணாம். மூடிட்டு இப்பவே ஸ்டார்ட் பண்ணு."

"சூடு ஆறாம எப்படி..."

"பண்ணு அண்ணே!"

சாவியைத் திருப்பினான். எஞ்சினுக்குப் பெட்ரோல் வந்து சேரும் வரை மூன்று நான்கு சுற்று சுற்றிவிட்டு, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஓய்வு அதை எழுப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுப்பியது அந்த மூடிதான். நோட்டில் ஒவ்வொரு பதிவிலும் எழுதித்தான் வைத்திருந்தான். நான் படித்துவிட்டுச் சிரித்தேன்.

எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச டேங்க்குக்குள் அந்த அளவுக்குக் காற்று போக வேண்டும். அதற்கென்று ஒரு குழாய் டேங்க்கிலிருந்து கிளம்பிப் படகின் வெளிப்பக்கத்தில் ஒரு பித்தளைத் துளையில் வந்து முடியும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் இழுவை ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பெட்ரோல் வராது, எஞ்சின் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே பாயும். படகில் புதிதாகக் கை வைக்கிற பையனுக்குக்கூட முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். அதை விட்டுவிட்டு நாள் முழுக்க ஒயரைத் தடவியிருக்கிறேன். எனக்கு ஒயர்தானே தெரியும்.

"எஞ்சின நிறுத்து" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் போனேன். பித்தளைத் துளை அண்ணி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. போர்வை அதை மூடியிருந்தது. போர்வைக்கு மேல் அண்ணியின் கை இருந்தது.

"அண்ணி, கொஞ்சம் கைய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க."

எடுக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். பிறகு தானே போர்வைக்கு அடியில் கையை விட்டு, எதையோ இழுத்து எடுத்து மடியில் வைத்தாள்.

ஒரு அடைப்பான். விரல் கடை அளவு. துணியைச் சுருட்டி, மெழுகு தடவிய நூலால் நெருக்கமாகத் தையல் போட்டு, நுனியைக் கூம்பாக்கி, இழுத்து எடுக்க வசதியாக ஒரு சின்னக் காதும் வைத்துத் தைத்திருந்தாள். அவ்வளவு நேர்த்தியான அடைப்பானை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. காற்று ஒரு இழைகூடப் போக முடியாது.

எனக்கு வந்த கோபத்தில் படகே ஆடியது.

"உங்களுக்கு மூளை இருக்கா அண்ணி? டேங்க் மூச்சு விடுற எடத்த அடைச்சு வச்சிருக்கீங்க! நடு ஆத்துல உங்க மூச்ச நீங்களே நிறுத்திக்கிட்டிருக்கீங்க!"

"எனக்கு என்ன தெரியும்? அந்த ஓட்டைலேர்ந்துதான் பெட்ரோல் நாத்தம் வருது. டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது ஒரு மூச்சு அத இழுத்தா கொடலே வெளிய வந்துடும். ஏறும்போது வச்சுக்குவேன், எறங்கும்போது எடுத்துடுவேன். நாத்தத்துக்குத்தானே வச்சேன், எஞ்சினுக்கா வச்சேன்?"

அண்ணன் தட்டுத்தடுமாறிப் பின்பக்கம் வந்தான்.

"நாத்தம் ஒத்துக்கலன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? நான் வேர்க்குதுன்னு நெனச்சு ஃபேனு போட்டேனே!"

"சொன்னா? படகு ஒத்துக்கல, அக்கரையிலேயே இருந்துடுன்னு சொல்லுவீங்க."

"நான் எப்ப..." என்று ஆரம்பித்தவன் அவள் மடியைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அடைப்பானின் துணி நீலக் கட்டம்.

"என் சட்டை" என்றான்.

"ஆமா, உங்க சட்டைதான்."

"அதுல... பையில ஒரு பேப்பர் இருந்துச்சு."

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

அண்ணி பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். தையலை ஒவ்வொரு கண்ணியாக வெட்டினாள். அவசரப்படவில்லை, கழுத்துப்பட்டி பிரிப்பவள் போல நிதானமாகப் பிரித்தாள். துணிச் சுருளுக்கு நடுவில் இறுகச் சுருட்டிய காகிதம், பெட்ரோல் ஏறி மஞ்சளாகியிருந்தது. விரித்தாள். விடுதியில் சேர்ப்பதற்கான விண்ணப்பம்.

"வெறும் துணி வச்சா காத்து கசியுது. நடுவுல காகிதம் வச்சாத்தான் நல்லா அடைக்குது" என்றாள். குரல் அதற்கு மேல் சாதாரணமாக இல்லை. "படிச்சுப் பார்த்தேன். கையெழுத்துப் போட ஒரே ஒரு எடம்தான். பொறுப்பாளர்னு போட்டு உங்களுக்கு. எனக்கு எடமே கிடையாது. நான் என்ன, ரயில்ல ஏத்தி விடுற மூட்டையா? ஒரு மாசம் பையில வச்சுக்கிட்டு என் முன்னாடியே உக்காந்து சாப்பிட்டீங்களே."

அண்ணன் எஞ்சின் மூடிப் பலகை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நீ பொழைக்கணும்னுதான்" என்றான்.

"அது தெரியாமலா முப்பது வருஷம் இருக்கேன்? வீட்லேர்ந்து பொழைக்கிறேன். முடியாமப் போனா நானே சொல்றேன், அன்னைக்குக் கொண்டுபோய் விடுங்க. ஆனா நான் சொல்லணும்."

அண்ணன் அழுதான். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கத் தோன்றவில்லை. அண்ணி மட்டும் அழாமல் நூல் துணுக்குகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்த்திசையிலிருந்து மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நாங்கள் அதன் பாதையில் குறுக்கே கிடந்தோம்.

"ரெண்டு பேரும் மிச்சத்தை வீட்ல போய்ப் பேசுங்க. அவன் நம்ம மேல ஏத்திடுவான்" என்று நான் கத்தினேன். அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

மீதி வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய துளையை அடைத்துவிட்டு, காற்றுக் குழாயை நீட்டி, படகின் பின்பலகையின் வலது கோடிக்குக் கொண்டுபோய் உயரமாக வளைத்துப் பொருத்தினேன். படகு முன்னால் போகும்போது நாற்றம் பின்னால் போகும், அண்ணி பக்கம் வராது. இதை இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம், யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். அண்ணி துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரவிக்கையெல்லாம் இவ்வளவு கச்சிதமா தைச்சதில்லையே நீங்க" என்றேன்.

"அது நீங்க அன்னைக்கு இருந்த சைஸுக்குச் சரியாத்தான் தைச்சேன்" என்றாள்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். பதினெட்டாவது நிமிடத்தில் மூன்று பேரும் வேறு வேறு திசையில் பார்த்தோம். அண்ணி கண்ணை மூடி மூக்கால் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்து, போர்வையைச் சரிசெய்துகொண்டாள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அக்கரைத் துறையில் கயிறு போட்டோம்.

டயாலிசிஸ் பகுதி வாசலில் நர்ஸம்மா கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க. அந்த விடுதி ஃபார்ம் கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

அண்ணனின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பாதியில் இறங்கியது.

"அவளக் கேளுங்க" என்றான்.

நர்ஸம்மா அண்ணியைப் பார்த்தார்.

"அது பெட்ரோல்ல நனைஞ்சு போச்சும்மா. இப்ப வேணாம், படகுலயே வந்துக்குறேன். வேணும்கிறப்ப நானே வந்து கேக்குறேன். ஆனா அதுல நான் கையெழுத்துப் போட ஒரு எடம் விடச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நீல ஒயர் இன்னும் ஒரு ரோல் என் கடையில் சும்மா கிடக்கிறது, மொத்தப் படகுக்கும் மாற்றிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே கலராகப் போட்டால் குழப்பமாக இருக்குமே என்றான் அந்தப் பாவி. பிறகு நோட்டை எடுத்து முழங்காலில் வைத்து, தேதி போட்டு எழுத ஆரம்பித்தான். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

'25 நிமிடம். எஞ்சின் நிற்கவில்லை. மூடி திறக்கவில்லை. அவள் இருந்தாள்.'